பேனா நின்ற இடங்கள்

சொன்னதை மட்டும் எழுத வேண்டும், ஒரு எழுத்துக் கூட்டக் கூடாது, குறைக்கக் கூடாது, தப்பென்று தெரிந்தாலும் முகத்தில் காட்டக் கூடாது என்று காலையில் தலைமையாசிரியர் அறையில் சொன்னார்கள், முகத்தில் காட்டினாலும் அவளுக்கு எப்படித் தெரியும் என்று அப்போது நினைத்துக்கொண்டேன். கோபிகாவுக்குப் பிறந்ததிலிருந்தே பார்வை இல்லை. அவள் வாயால் சொல்ல வேண்டும், நான் கையால் எழுத வேண்டும், அதற்காகத்தான் இந்தத் துணைத்தேர்வுக்கு என்னைப் போட்டிருக்கிறார்கள். நான் சமூக அறிவியல் டீச்சர். அறிவியல் பரீட்சைக்கு அறிவியல் தெரியாத ஆளைத்தான் எழுதப் போடுவார்கள், உமாராணிக்கு என்ன தெரியும், அசோகரும் அட்சரேகையும்தானே என்று நினைத்திருப்பார்கள், நான் ப்ளஸ் டூவில் எடுத்தது சயன்ஸ் குரூப் என்பதை யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. கீழ்த்தளத்தில் கடைசி அறை, ஒரே ஒரு மேஜை, பக்கத்துப் பக்கத்தில் இரண்டு நாற்காலி, வாசலை ஒட்டி ஸ்டூலில் குழந்தைவேல் சார். அவர் டிராயிங் மாஸ்டர், இந்த அறைக்குக் கண்காணிப்பு. வெளியே ஆனி மாதத்துக் காற்று, தாராபுரத்துக் காற்று, மண்ணை வாரிக்கொண்டு வந்து ஜன்னலில் வீசுகிறது, மைதானத்துக்கு அப்பால் காற்றாலைகள் எல்லாம் ஒரே பக்கம் முகத்தை வைத்துக்கொண்டு சுற்றுகின்றன. செல்போனை அணைத்துக் காகித உறைக்குள் போட்டு, மேலே என் பெயரை எழுதி, பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டார்கள். என் பெண் அபர்ணா கூப்பிட்டால் எனக்குத் தெரியாது. அவள் கூப்பிட மாட்டாள். கூப்பிடுகிற நிலைமையில் இருந்தால் காலையில் கதவைத் திறந்திருக்க மாட்டாளா.

"எழுதிட்டீங்களாங்க மிஸ்?" என்கிறாள் கோபிகா. எழுதிட்டேம்மா. "வாசிங்க." நான் வாசிக்கிறேன், ஒவ்வொரு விடைக்கும் இப்படித்தான், அவள் சொல்வாள், நான் எழுதுவேன், பிறகு வாசித்துக் காட்டுவேன், சரி என்று அவள் தலையாட்டினால் அடுத்தது. ஏப்ரலில் எழுதிய பரீட்சையில் கொஞ்சத்தில் போய்விட்டதாம், மற்றப் பாடமெல்லாம் பாஸ், அறிவியல் மட்டும் ரெண்டு மார்க்கில் நின்றுவிட்டது. காலையில் அறைக்குள் அவளைக் கொண்டுவந்து உட்கார வைத்தபோது அவள் அம்மா தங்கமணிதான் சொன்னாள். "கோயமுத்தூர்ல ஆஸ்டலோட பதினொண்ணாவதுக்கு எடம் பேசி வெச்சிருக்குதுங்க டீச்சர், இது பாஸானாச் சேத்திக்கிறேன்னு சொல்லீருக்கறாங்க. இல்லைன்னா ஊட்லதான். நானு நூல் மில்லுக்குப் போயிட்டா ஒண்டியாத்தான் கெடக்கோணும்." அம்மா சொல்லும்போது கோபிகா மேஜையின் விளிம்பை விரலால் தடவி எங்கே ஆரம்பித்து எங்கே முடிகிறது என்று பார்த்துக்கொண்டிருந்தாள். அம்மா போன பிறகு என் பக்கம் சாய்ந்து, "மிஸ், நீங்க எழுதறது எனக்குக் கேக்குமுங்க, பேனா ஓடறது, நிக்கறது எல்லாம்" என்றாள். கேட்டால் கேட்கட்டும் என்றுதான் இருந்தேன். ஒண்டியாய்க் கிடப்பது என்பதை அந்த அம்மா எவ்வளவு சாதாரணமாகச் சொன்னாள். என் வீட்டிலும் ஒருத்தி ஒண்டியாய்க் கிடக்கிறாள், இரண்டு கண்ணும் நன்றாகத் தெரிகிற பெண், காலேஜ் பாதியில் பையைத் தூக்கிக்கொண்டு வந்து இனி போக மாட்டேன் என்று சொன்னவள், ஏன் என்று மட்டும் சொல்லாதவள். யாராவது ஏதாவது சொன்னார்களா. இல்லை. படிப்பு கஷ்டமா. இல்லை. யாராவது ஏதாவது செய்தார்களா, இதைக் கேட்டபோது அவள் என்னைப் பார்த்தாள், அந்தப் பார்வைக்கு என்ன அர்த்தம் என்று இன்றுவரை தெரியவில்லை, எழுந்து போய்க் கதவைச் சாத்தித் தாழ்ப்பாளைப் போட்டுக்கொண்டாள். சாப்பிட வருவாள், குளிக்க வருவாள், மறுபடி தாழ்ப்பாள். காலையில் பால் காய்ச்சும் சத்தம் கேட்டால் எழுந்து வந்து காபியை எடுத்துக்கொண்டு போவாள், அது ஒன்றுதான் எனக்கு ஆறுதல், காபி டம்ளர் உள்ளே போகிறது என்றால் உள்ளே ஆள் இருக்கிறது. இன்றைக்கு வரவில்லை. தட்டினேன். அபர்ணா என்றேன். பாப்பா என்றேன். உள்ளே ஃபேன் ஓடுகிற சத்தம் மட்டும் கேட்டது. அவள் அப்பா விடியும் முன்பே திருப்பூர் பஸ் ஏறிவிட்டார். எதிர்வீட்டு அக்காவைக் கூப்பிட்டுக் கொஞ்சம் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லலாம், என்னவென்று சொல்வது, தூங்குகிற பெண்ணைப் பார்த்துக்கொள்ளச் சொல்வார்களா. தூங்குகிறாள். இரவெல்லாம் போனைப் பார்த்துவிட்டுத் தூங்குகிறாள். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது, பரீட்சை டியூட்டிக்குப் போகாமல் இருக்க முடியாது, அந்தப் பிள்ளை எனக்காக உட்கார்ந்திருக்கும், வேறு ஆள் போட மாட்டார்கள். வந்துவிட்டேன். கதவைத் தட்டிய கையோடு வந்து உட்கார்ந்து பேனாவைப் பிடித்திருக்கிறேன்.

"டீச்சர், அடுத்த கேள்வி வாசிங்க, நேரம் போகுது" என்கிறார் குழந்தைவேல் சார். வாசிக்கிறேன். இணைதிறனைப் பயன்படுத்திக் கீழ்க்கண்ட சேர்மங்களின் வாய்ப்பாடுகளை எழுதுக. அலுமினியம் ஆக்சைடு, கால்சியம் குளோரைடு, மெக்னீசியம் ஆக்சைடு, சோடியம் சல்பைடு. கோபிகா முகம் மலர்கிறது, இவ்வளவு நேரத்தில் இப்போதுதான் அப்படி மலர்ந்து பார்க்கிறேன். தெரிந்த கேள்வி. "இரு மிஸ்" என்கிறாள், மரியாதை மறந்துபோய், பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டு "இருங்க" என்கிறாள். இரண்டு கையையும் மேஜைமேல் வைக்கிறாள். இடது கையில் மூன்று விரலை நீட்டுகிறாள், உதடு மட்டும் அசைகிறது, அலுமினியம் மூணு. வலது கையில் இரண்டு விரல், ஆக்சிஜன் ரெண்டு. பிறகு இரண்டு கையையும் ஒன்றன்மேல் ஒன்றாகக் குறுக்கே போடுகிறாள். இப்போது இரண்டு விரல் இடது பக்கம் வந்துவிட்டது, மூன்று விரல் வலது பக்கம் போய்விட்டது. எங்கள் கெமிஸ்ட்ரி சார் போர்டில் எக்ஸ் மாதிரி இரண்டு கோடு இழுத்துக் காட்டுவார், இவனுடையது அவனுக்கு, அவனுடையது இவனுக்கு, அலுமினியத்திடம் கொடுக்க மூன்று இருக்கிறது, ஆக்சிஜனுக்கு வேண்டியது இரண்டு, ஒன்றுக்கு ஒன்று என்று சேர்த்தால் மிச்சம் நிற்கும், அதனால் அது இரண்டு பேர், இது மூன்று பேர், ஆறுக்கு ஆறு, கொடுத்ததும் வாங்கினதும் சரியாகப் போய்விடும், யாரிடமும் எதுவும் மிஞ்சாது. கோட்டைப் பார்க்க முடியாத பெண் அந்தக் கோட்டைத் தன் கைகளால் போட்டுக்கொண்டிருக்கிறாள். "யாரும்மா சொல்லிக் கொடுத்தது?" என்று கேட்க வாயெடுக்கிறேன், குழந்தைவேல் சார் பார்க்கிறார், அவளே சொல்கிறாள், "இது நானே வெச்சுக்கிட்டதுங்க மிஸ்." "விடையை மட்டும் சொல்லும்மா" என்கிறார் சார். "ஏ எல், கீழ ரெண்டு. ஓ, கீழ மூணு." எழுதுகிறேன். சரி. என் கை சந்தோஷமாக எழுதுகிறது, அவள் சொன்னது சரி என்பதில் எனக்கு என்ன வந்தது, ஆனாலும் எழுதுகிறேன். "வாசிங்க மிஸ்." ஏ எல், கீழே இரண்டு, என்று ஆரம்பிக்கிறேன், அப்போது வராந்தாவில் ஏதோ ஒரு கதவைக் காற்று படாரென்று அடித்துச் சாத்துகிறது.

அந்தச் சத்தம் என் நெஞ்சுக்குள் எங்கே போய் விழுந்தது என்று தெரியவில்லை. கதவு. அபர்ணா கதவு அப்படி அடிக்காது, அவள் மெதுவாகத்தான் சாத்துவாள், சத்தம் வராமல் தாழ்ப்பாளை நகர்த்துவாள், அதுதான் பயமாக இருக்கிறது, சத்தம் போட்டால்கூடப் பரவாயில்லை. ஃபேன் ஓடும் சத்தம் கேட்டதே, அது எப்போதும் ஓடுகிற மாதிரிதான் ஓடியதா, கனமாக ஓடியதா, ச்சீ, என்ன நினைப்பு இது, ஃபேனில் என்ன கனம், ஜன்னல் பக்கமாகப் போய்ப் பார்த்திருக்கலாம், பின்பக்கம் சுற்றிப் போனால் ஜன்னல், திரை போட்டிருப்பாள், ஒரு குச்சியால் திரையை விலக்கியிருக்கலாம், நான் ஏன் போகவில்லை, பஸ், பஸ் வந்துவிடும் என்று, இல்லை, பஸ் இல்லை, போய்ப் பார்க்க எனக்குப் பயம், பார்த்தால் தெரிந்துவிடும் என்று பயம், பார்க்காமல் வந்தால் தூங்குகிறாள் என்று வைத்துக்கொள்ளலாம், என்ன அம்மா நான். போன மாதம் ஒரு நாள் என் மடியில் தலை வைத்துப் படுத்தாளே, ஒன்றும் சொல்லாமல், நானும் தலையைக் கோதிக்கொண்டே இருந்துவிட்டு அடுப்பில் குக்கர் விசிலடிக்கிறது என்று எழுந்து போனேனே, அப்போது எழுந்து போகாமல் இருந்திருந்தால். குக்கர் அடித்தால் அடிக்கட்டும் என்று.

"மிஸ்?"

கோபிகா தலையைச் சாய்த்திருக்கிறாள். நான் எதுவரை வாசித்தேன். ஏ எல், கீழே இரண்டு. அதில் நின்றிருக்கிறேன். எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியவில்லை, காற்று மட்டும் கேட்டுக்கொண்டிருக்கிறது. ஓ, கீழே மூன்று, என்று அவசரமாக முடிக்கிறேன். அவள் தலையாட்டவில்லை. குறுக்கே கிடந்த கைகளைப் பிரிக்கிறாள். மெதுவாக, ஒட்டியிருந்ததைப் பிரிப்பது மாதிரி. இடது கையில் மூன்று விரல், வலது கையில் இரண்டு. அப்படியே வைத்துக்கொண்டு யோசிக்கிறாள். யோசிக்காதே, என்று என் உடம்பு முழுவதும் சொல்கிறது. யோசிக்காதே அம்மா, நீ சொன்னது சரி, நான் நின்றது உனக்காக இல்லை. "மாத்திக்கலாங்களா மிஸ்?" சொன்னதை மாற்றலாம், விதியில் இருக்கிறது, அடித்துவிட்டு எழுதலாம். "மாத்தணுமா?" என்கிறேன், அதுவே நான் கேட்கக் கூடாதது, வேண்டாம் என்று அவளுக்குப் புரியட்டும் என்று நினைத்துக் கேட்கிறேன், அவள் அதை எப்படி எடுத்துக்கொண்டாள் என்பது அந்த முகத்திலேயே தெரிகிறது, உதட்டோரம் ஒரு சின்னச் சிரிப்பு, எனக்குச் சொல்லிவிட்டீர்கள், நான் பிடித்துக்கொண்டேன் என்கிற சிரிப்பு. "ஏ எல், கீழ மூணு. ஓ, கீழ ரெண்டு." குழந்தைவேல் சார் ஸ்டூலில் இருந்து எழுந்து இரண்டடி வந்து நிற்கிறார். நான் சரியானதன்மேல் ஒரு கோடு இழுக்கிறேன். பக்கத்தில் தப்பானதை எழுதுகிறேன். என் கையெழுத்து நன்றாக இருக்கும் என்று எல்லாரும் சொல்வார்கள், தப்பும் அழகாகத்தான் விழுகிறது. "வாசிங்க." வாசிக்கிறேன், நிற்காமல், மூச்சு விடாமல், ஒரு இடத்தில்கூடக் குரல் தடுக்காமல். அவள் தலையாட்டுகிறாள், முழுச் சம்மதத்தோடு. நான் எங்கே நிற்கவில்லையோ அங்கேதான் சரி என்று எடுத்துக்கொள்கிறாள். இப்போது நின்றால்? வேண்டுமென்றே நின்றால், இருமினால், பேனாவால் மேஜையில் தட்டினால், மாற்றிச் சொல்வாளா, சார் என் பின்னால் நிற்கிறார், அவர் மூச்சு என் கழுத்தில் படுகிற மாதிரி இருக்கிறது, போன வருடம் ஒருத்தருக்கு இதற்காகவே மெமோ கொடுத்தார்கள் என்று காலையில் அவர்தான் சொன்னார், பிள்ளையின் பேப்பரையும் செல்லாது என்று சொல்லிவிடுவார்களாம். எனக்கு மெமோ வரட்டும். அவள் பேப்பர் போய்விட்டால்.

கால்சியம் குளோரைடு. இடது கையில் இரண்டு விரல், வலது கையில் ஒன்று. குறுக்கே போடப் போன கை பாதியில் நிற்கிறது, திரும்பித் தன் இடத்துக்கே வருகிறது. "சி ஏ, கீழ ரெண்டு. சி எல்." அப்படியென்றால் அடுத்ததும் அப்படித்தான். ஒரு இடத்தில் விட்டுக்கொடுத்தால் எல்லா இடத்திலும் விட்டுக்கொடுத்துவிடுகிறாள், அவளிடம் இருந்த வழியையே நான் பிடுங்கிவிட்டேன். மெக்னீசியம் ஆக்சைடு, இரண்டும் இரண்டும், அது எப்படிப் போட்டாலும் ஒன்றுதான், சரியாகச் சொல்லிவிட்டாள், எனக்கு அழுகை வருகிற மாதிரி ஒரு நிம்மதி. சோடியம் சல்பைடு மறுபடி தலைகீழ். அவள் கைகள் இப்போது மேஜையில் அகலமாகத் தள்ளித்தள்ளிக் கிடக்கின்றன, ஒன்றையொன்று தொடாமல். "குறுக்க போடறது நானா வெச்சுக்கிட்டதுங்கல்ல, அதான் தப்பாப் போச்சாட்ட இருக்குது" என்று தனக்குத்தானே சொல்லிக்கொள்கிறாள். "பேசக் கூடாதும்மா" என்கிறார் சார், அதட்டவில்லை, நல்ல மனிதர்தான். அதன் பிறகு அவள் என்னென்ன சொன்னாள், நான் என்னென்ன எழுதினேன் என்பது எனக்கு ஒழுங்காகத் தெரியாது. கை எழுதிக்கொண்டிருந்தது. மனது ஒரு தடவை வீட்டுக்குப் போய்க் கதவைத் தட்டும், திரும்பி வந்து அலுமினியத்தைப் பார்க்கும், மறுபடி போகும். இரண்டு இடத்திலும் என்னால் ஒன்றும் செய்ய முடியவில்லை. அங்கே உள்ளே இருப்பவள் சொல்ல மாட்டேன் என்கிறாள், இங்கே நான் சொல்லக் கூடாது. மற்ற அறைகளுக்கு மணி அடித்துப் பிள்ளைகள் சத்தத்தோடு வெளியே போனார்கள், எங்களுக்கு மட்டும் கூடுதல் நேரம், அந்த நேரம் நீண்டுகொண்டே போனது, தண்ணீர் குடிக்கிறாயா என்று கேட்டதற்கு வேண்டாமுங்க மிஸ் என்றாள், சிரித்த முகமாகவே இருந்தாள், நன்றாக எழுதிவிட்டோம் என்று நினைக்கிற பிள்ளையின் முகம்.

விடைத்தாளை நூல் போட்டுக் கட்டி, உறையில் போட்டு ஒட்டும்போது குழந்தைவேல் சாரைத் தனியாகக் கூப்பிட்டேன். "சார், ஒரு விடையில என்னால ஒரு தப்பு ஆயிப்போச்சு." அவர் பயந்துவிட்டார். "என்னங்க டீச்சர், அந்தப் பொண்ணு சொல்லாததை எழுதிட்டீங்களா?" இல்லை சார். "சொன்னதை எழுதாம விட்டுட்டீங்களா?" இல்லை சார், அது சொன்னதைத்தான் எழுதினேன். "அப்புறம் என்ன தப்பு?" நான் வாசிக்கும்போது நடுவில் நின்றேன் என்று சொன்னேன், சொல்லும்போதே அது எவ்வளவு அற்பமாகக் கேட்கிறது என்று எனக்கே தெரிந்தது. "நீங்க காலையில இருந்து சாப்பிட்ட மாதிரித் தெரியலை, போய் ஒரு டீ குடிங்க" என்று சொல்லிவிட்டு உறையின்மேல் அரக்கு முத்திரை வைக்கப் போய்விட்டார். தலைமையாசிரியர் அறையில் என் உறையைக் கொடுத்தார்கள். உறையைக் கிழித்துப் போனை உயிர்ப்பித்தேன். திரையில் வெளிச்சம் வருவதற்கு அவ்வளவு நேரம் எடுத்தது. பிறகு ஒரே ஒரு செய்தி. அம்மா தோசை மாவு எங்க வெச்ச, ஃபிரிட்ஜ்ல இல்ல. அவ்வளவுதான். பத்தரை மணிக்கு அனுப்பியிருக்கிறாள். அலுமினியம் வருவதற்கு வெகு நேரம் முன்னாலேயே அவள் எழுந்து, கதவைத் திறந்து, அடுக்களைக்குள் வந்து, பசியோடு ஃபிரிட்ஜைத் திறந்து பார்த்திருக்கிறாள். நான் அங்கே சுவரில் கை வைத்துக்கொண்டு நின்றேன். சந்தோஷப்பட வேண்டும். சந்தோஷம்தான். கண்ணில் தண்ணீர் முட்டியது. பக்கத்து வீட்டில் வாங்கிக்க, இல்ல, கீழ் தட்டுல பார் என்று தட்டச்சு செய்து அனுப்பினேன், நேரம் போன பிறகு. எதற்காக நின்றேனோ அது நடக்கவே இல்லை.

கேட்டுக்கு வெளியே வேப்பமரத்தடியில் இரண்டு பேரும் நின்றிருந்தார்கள், தங்கமணி மில்லுக்கு அரை நாள் லீவு போட்டிருப்பாள், புடவைத் தலைப்பைக் காற்றுக்கு இழுத்துச் செருகியிருந்தாள், கையில் முருங்கைக்காய்க் கட்டு. "நம்ம காட்டுக்காய்ங்க டீச்சர், வேண்டாம்னு சொல்லாதீங்க. உங்குளுக்காவத்தான் நிக்கறோம். நல்லா எழுதீருக்கறனுங்குது. அந்த மிஸ்ஸாலதான்னு சொல்லுது." கோபிகா என் பக்கம் கையை நீட்டினாள், நான் பிடித்துக்கொண்டேன், சில்லென்று இருந்தது. "நீங்க நின்னதுலதாங்க மிஸ் எனக்குப் புரிஞ்சுது. போன தடவை எழுதுனவங்க நிக்கவே மாட்டாங்க, கடகடன்னு வாசிச்சுட்டுப் போயிருவாங்க. அலுமினியம் மூணு, ஆக்சிஜன் ரெண்டு. இனி எப்பவும் மறக்க மாட்டேன்." மறக்க மாட்டாள். பரீட்சை போனாலும் போகட்டும், இதை மறக்க மாட்டாள், ஆஸ்டலுக்குப் போனாலும் வீட்டில் ஒண்டியாய்க் கிடந்தாலும் இந்தத் தப்பு அவளோடு இருக்கும். அதனால்தான் சொன்னேன், இல்லையென்றால் சொல்லியிருப்பேனா என்று எனக்குத் தெரியாது. "கோபிகா, மொதல்ல நீ சொன்னதுதான் சரி. கையைக் குறுக்க போட்டதுதான் சரி. எல்லாத்துக்கும் அப்படித்தான் போடணும்." அவள் கை என் கைக்குள் அப்படியே இருந்தது. இழுத்துக்கொள்ளவில்லை. "அப்புறம் ஏனுங்க மிஸ் நின்னீங்க?"

"என் பொண்ணு ஞாபகம் வந்துருச்சு. காலையில கதவைத் தொறக்கலை. என்னமோ ஏதோன்னு."

"இப்பத் தொறந்துட்டாங்களா?"

"தொறந்துட்டா."

"அப்பச் சரிங்க மிஸ்" என்றாள். தங்கமணிக்கு ஒன்றும் விளங்கவில்லை, இரண்டு பேர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, முருங்கைக்காய்க் கட்டை என் கையில் திணித்துவிட்டு, பஸ் வந்துரும் வா சாமி என்று மகளின் தோளைப் பிடித்தாள். போனார்கள். கோபிகா அம்மாவின் முழங்கையைப் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையின் விரல்களைக் கட்டைவிரலால் ஒவ்வொன்றாகத் தொட்டுக்கொண்டு நடந்தாள், மார்க்கைக் கூட்டிப் பார்க்கிறாள் என்று எனக்குப் புரிந்தது, இது போனாலும் மீதி வந்துவிடுமா என்று. சாலை ஓரம் வரை போனவள் நின்றாள். அம்மா இழுத்தும் நகரவில்லை. என் குரல் எங்கிருந்து வந்ததோ அந்தப் பக்கம் திரும்பினாள், நான் நிற்கிற இடத்துக்குக் கொஞ்சம் தள்ளி.

"மிஸ், வேற எங்கெங்கெல்லாம் நின்னீங்க?"

வேறு எங்கே. குவிலென்ஸ் கேள்வியில் முதலில் ஒன்று சொல்லிவிட்டுப் பிறகு இல்லைங்க என்று வேறொன்று சொன்னாளே, அப்போது நான் வாசித்துக்கொண்டிருந்தேனா, நின்றிருந்தேனா. இரத்தத்தைப் பற்றி ஒன்று வந்தது, அதையும் அடித்து எழுதினேன். மின்தடையில். கார்பனில். அவளாக மாற்றினாளா, நான் மாற்ற வைத்தேனா. இன்னும் எத்தனை இடத்தில் கோடு இழுத்தேன், என் கைதான் இழுத்தது, கைக்கு ஞாபகம் இருக்க வேண்டும், ஒன்றும் வரவில்லை, ஃபேன் ஓடுகிற சத்தம் மட்டும்தான் வருகிறது. சாலைத் திருப்பத்தில் பஸ் வருகிறது. தங்கமணி கையை உயர்த்திக் காட்டுகிறாள். கோபிகா தலையை ஒரு பக்கமாகச் சாய்த்துக்கொண்டு, நான் சொல்லாமல் நிற்பதைக் கேட்டுக்கொண்டிருக்கிறாள்.